லாரிக்குப் பின்னால் மலை

2014-இல் வந்த 'கோச்சடையான்' படம் நினைவிருக்கிறதா? அரண்மனை, குதிரை எல்லாம் கம்ப்யூட்டர் வரைந்தவை. திரை தட்டைதானே, ஆழம் எப்படி வந்தது?

நாமக்கல்லில் ரோட்டோரம் நின்று பாருங்கள். பக்கத்தில் நிற்கும் ஒரு லாரி, தூரத்துக் கோட்டை மலையையே மறைத்துவிடும். கிட்டே இருப்பது பெரிது, எட்ட இருப்பது சிறிது. கம்ப்யூட்டருக்கும் இதே கணக்குத்தான். எந்த உருவத்தையும் குட்டிக் குட்டி முக்கோணங்களாக வைத்துக்கொள்ளும். தூரம் இரண்டு மடங்கானால் அளவைப் பாதியாக்கும். பிறகு திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே கேள்வி: இங்கே கிட்டே இருப்பது எது? லாரியா, மலையா? கிட்டே இருப்பதற்குத்தான் நிறம். பின்னால் இருப்பதை விட்டுவிடும். வெளிச்சம் படும் பக்கம் பளிச்சென்று, மறுபக்கம் இருட்டாக.

எனக்கு இன்றும் பெரிய ஆச்சரியம் இதுதான். பிள்ளைகள் ஆடும் செல்போன் விளையாட்டில், இத்தனை கணக்கும் ஒரே நொடிக்குள் பல முறை நடந்து முடிகிறது.