கண்ணாடியைக் கழற்றாத கதாநாயகி



"ஆங்கிலக் கதைகளில் படிப்பாளிப் பெண்ணைக் காட்டும் விதம் மாறியிருக்கிறதா, இல்லையா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மா, "எதுவுமே மாறலே"ன்னு அடிச்சுச் சொல்லிட்டு உட்கார்ந்துட்டாங்க. நான் மாறியிருக்குன்னு சொல்ல வந்திருக்கேன்.

ஐயா, 1969-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஸ்கூபி டூ' கார்ட்டூன் வந்தது. அதில் ரெண்டு பொண்ணுங்க. டாஃப்னிக்கு அழகு, வெல்மாவுக்கு அறிவு. பாகப்பிரிவினை பண்ணிட்டாங்க! (சிரிப்பு) பேய் வேஷம் போட்டவன் யாருன்னு கண்டுபிடிக்கிற மூளை வெல்மாவுக்குத்தான். ஆனால் அவள் மூக்குக்கண்ணாடி கீழே விழ, தரையைத் தடவித் தடவித் தேடுவதைத்தான் வேடிக்கையாக் காட்டினாங்க.

முப்பது வருஷம் கழித்து, 1999-இல் 'ஷீஸ் ஆல் தட்' படம். யாரும் திரும்பிப் பார்க்காத பொண்ணை அழகுராணி ஆக்கிக் காட்டறேன்னு ஒரு பையன் பந்தயம் கட்டறான். என்ன பண்ணினாங்க? கண்ணாடியைக் கழற்றி, முடியை வெட்டி, சிவப்பு கவுன் போட்டு, மாடிப்படியில் இறக்கிவிட்டாங்க. 2001-இல் 'பிரின்சஸ் டைரீஸ்'. அதில் அலங்காரம் செய்ய வந்தவர், அந்தப் பொண்ணோட கண்ணாடியை ஒடிச்சே போட்டுட்டார்! நடுவர் அவர்களே, கண்ணாடியை ஒடிச்சா அழகு வருமோ வராதோ, படியில் விழுந்து கால் ஒடியும்! (சிரிப்பு, கைதட்டல்)

இது சிரிச்சுட்டுப் போற விஷயம் இல்லீங்க. 'சோடாபுட்டி'ன்னு கூப்பிடுவாங்கன்னு பயந்து, கண்ணாடியைப் பைக்குள்ளேயே வச்சுக்கிட்டு, கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பொண்ணு நோட்டைப் பார்த்து எழுதுற பிள்ளை நம்ம ஊரிலும் இருக்கு. விடை தெரிஞ்சும் கை தூக்காத பிள்ளை இருக்கு. தூக்கினா 'படிப்ஸ்'! நாம மட்டும் என்ன? ஜாதகத்தோடு அனுப்புற போட்டோவுக்கு, "கண்ணாடியைக் கழட்டிடும்மா"ன்னு சொல்றவங்கதானே? (கைதட்டல்) அந்தப் பிள்ளை சாயங்காலம் டி.வி.யில் எந்தப் பொண்ணைப் பார்க்கிறாள் என்பது முக்கியம் இல்லையா?

அங்கேதான் மாற்றம் வந்தது. 1997-இல் வந்த ஹாரி பாட்டர் கதையில் ஹெர்மயோனி என்று ஒரு பெண். வகுப்பில் முதல் கை அவளுடையது. முதலில் மத்தவங்களுக்கு எரிச்சல்தான். ஆனால் ஆபத்து வரும்போதெல்லாம் கைகொடுப்பது அவள் படிச்ச படிப்பு. எதிரணி அம்மா கேட்டாங்க: "நாலாவது புத்தகத்தில் மந்திரத்தால் பல்லைச் சின்னதாக்கிக்கிட்டாளே?" ஆமாம்மா, பல்லைத் திருத்தினாள். படிப்பைக் கீழே போட்டாளா? அதே புத்தகத்தில், சம்பளமில்லாமல் உழைக்கும் எல்ஃப்களுக்கு உரிமை கேட்டு உண்டியல் குலுக்கினவளும் அவள்தானே! (கைதட்டல்)

அப்புறம் 2020-இல் 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடர். கதாநாயகி தேவி, கலிஃபோர்னியாவில் வளரும் நம்ம தமிழ்ப் பொண்ணு. நடித்தவர் கனடாவில் பிறந்த ஈழத் தமிழ்ப் பெண், மைத்ரேயி ராமகிருஷ்ணன். தேவி படிப்பில் புலி. ஆனால் கோபம் வரும், பொய் சொல்லுவாள், பையன்களைப் பார்த்து அசடு வழிவாள், செத்துப்போன அப்பாவை நினைச்சு அழுவாள். படிக்கிற பொண்ணுன்னா பதில் சொல்ற இயந்திரம் இல்லை, ரத்தமும் சதையுமான மனுஷின்னு காட்டினாங்க. 2023-இல் கதை முடியும்போது, ஆசைப்பட்ட பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கே போகிறாள். காதலுக்காக முட்டாளாக நடிக்கவில்லை.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு நான் சொல்லலே. பாக்கி இருக்கு. ஆனால் அன்னைக்கு அழகு ஒருத்திக்கு, அறிவு ஒருத்திக்குன்னு பிரிச்ச சொத்து, இன்னைக்கு ஒரே பொண்ணு பேரில் பட்டா ஆகியிருக்கு! (பலத்த கைதட்டல்) எனவே, மாறியிருக்கிறது என்றே தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.