மித்தி என்னும் ஆறு



தமிழகத்தை விட்டு மும்பைக்கு வந்தவர்களுள் திருநெல்வேலிச் சீமையினர் பலர். பொதிகையில் தோன்றி மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணியை அவர்கள் மறந்தாரில்லை. ஊர்ப் பேச்சு எழும்போதெல்லாம் படித்துறையும், துவைகல்லும், ஆற்று மணலும் உடன் வந்து நிற்கும். அத்தகைய மக்கள் மூன்று தலைமுறையாக வேறோர் ஆற்றின் கரையில் வாழ்ந்து வருகின்றனர். ஆயினும் அதனை ஆறு என்று அவர்கள் அழைப்பதில்லை. அதற்குக் காரணம் என்ன என்பதைப் பற்றியே இன்று சில சொற்கள் பேச விழைகின்றோம்.

அந்த ஆற்றின் பெயர் மித்தி. இந்தியில் இச்சொல் இனிமையைக் குறிக்கும். 1860இல் கட்டி முடிக்கப்பட்ட விஹார் ஏரியும், அதற்குப் பின் அமைந்த பவாய் ஏரியும் மழைக்காலத்தில் நிரம்பி வழியும் நீரே இவ்வாற்றின் தொடக்கம். அங்கிருந்து சாக்கி நாக்கா வழியாக வந்து, விமான நிலைய ஓடுபாதையின் கீழே புகுந்து வெளிப்பட்டு, குர்லா, கலீனா வழியாகத் தாராவியின் ஓரமாகச் சென்று, மாஹிம் கழியில் கடலோடு கலக்கிறது. மொத்த நீளம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர். தாமிரபரணியோடு ஒப்பிட்டால் இது சிற்றாறே. ஆனால் இத்துணைச் சிறிய ஆறு இத்துணைப் பேருடைய கழிவைச் சுமப்பது வேறெங்கும் அரிது.

மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில், நீர்ப் பாதுகாப்பைப் பற்றிய துண்டுப் பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கும் பணி சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு வாய்த்தது. அதில் நாலா என்று வந்த இடத்திலெல்லாம் ஓடை என்று எழுதினோம். அகராதிக்கு அதில் குறையில்லை. பிரசுரம் அச்சாகி வந்தபின், டிராம்பேயில் தமிழ்க் குடும்பங்கள் மிகுந்த ஒரு குடியிருப்பில் அதனைப் படித்து விளக்கும் கூட்டத்திற்குச் சென்றோம். 1976இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்டு, சீட்டா கேம்ப் என்னும் புதிய குடியிருப்பில் அமர்த்தப்பட்ட மக்களில் தமிழர் கணிசமானவர். அந்த வட்டாரத்தில் தமிழ்ப் பிரசுரத்திற்கு வாசகர் உண்டு என்பதில் ஐயமில்லை.

நாம் படித்து முடித்ததும், முன்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, ஓடைன்னா கால் நனைக்கலாமே? நீங்க சொல்றதுல கை கழுவக்கூட முடியாதே."

கூட்டம் சிரித்தது. நாமும் சிரித்தோம். பிறகு, "ஆச்சி, இந்தப் பிரசுரம் மித்தி ஆற்றைப் பற்றியது" என்றோம். இளமையில் தாராவியில் வாழ்ந்தவராம் அவர். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது ஆறுன்னு எங்களுக்கு யாரும் சொன்னதே இல்லையே தம்பி. சாக்கடைன்னு நெனச்சுத்தான் எல்லாரும் போட்டோம்" என்றார்.

அன்றிரவு அந்த விடை நம்மை உறங்கவிடவில்லை. சாக்கடை என்று பெயரிட்ட இடத்தில் குப்பையைப் போடுவதை எவரும் பிழையாகக் கருதார். நதி என்று பெயரிட்ட இடத்தில் போடுவதற்குக் கை சிறிதாவது தயங்கும். எனவே ஆற்றைப் பற்றிய கல்வியின் முதற்பாடம், அது ஆறு என்று அறிவிப்பதே. இதனை அறியாமல், "நீர்நிலைகளின் சூழல் நலனைப் பேணுவீர்" என்று நாம் முப்பது வரி எழுதியிருந்தோம்.

இரண்டாவது பாடம், நீர் எங்கிருந்து வருகிறது என்பது. மும்பைக்கு நாள்தோறும் வந்து சேரும் நீர் சற்றேறக்குறைய 3,900 மில்லியன் லிட்டர். நகரின் எல்லைக்குள் உள்ள விஹாரும் துளசியும் அதில் தருவது மிகச் சிறு பங்கு. பெரும்பகுதி தாணே, நாசிக் மாவட்டங்களின் மலைப்பகுதிகளில் உள்ள தான்சா, வைதர்ணா, பாட்சா முதலிய நீர்த்தேக்கங்களிலிருந்து குழாய் வழியே வருகின்றது. அந்நீர்த்தேக்கங்களுக்கு அண்மையிலுள்ள ஷாஹாபூர் வட்டத்துச் சிற்றூர்கள் பல, கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்து நிற்கின்றன. நாம் மூடாமல் விட்ட குழாய் எவருடைய குடத்திலிருந்து ஒழுகுகிறது என்பது இப்போது விளங்கும்.

மூன்றாவது பாடம், நீர் எங்கே போகிறது என்பது. டிராம்பேயில் விழும் மழையும் வடியும் கழிவும் பெரும்பாலும் மித்திக்குச் செல்வதில்லை. கிழக்கே தாணே கழியைச் சேர்கின்றன. அக்கழியின் கரையில் அலையாத்திக் காடுகள் உள்ளன. கோலி மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வலை வீசி வருகின்றனர். ஆண்டுதோறும் பூநாரைகள் பெருங்கூட்டமாய் வந்து இறங்குகின்றன. 2015இல் அங்கே பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022இல் தாணே கழி, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் இடம் பெற்றது. டிராம்பேயில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இச்செய்தி தெரிந்திருத்தல் வேண்டும். தம் தெருக்கோடியில் உலகம் மதிக்கும் நீர்ப்பரப்பு ஒன்று உள்ளது என்பது பெருமைக்குரிய செய்தி அன்றோ?

ஆறு நலமாக இருக்கிறதா என்று அறிவது எங்ஙனம்? நீரில் கரைந்துள்ள உயிர்வளியே அதன் மூச்சு. கழிவு சேரும்போது அதனைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி, அவ்வுயிர்வளியைச் செலவிட்டுவிடும். பின்னர் மீனுக்கு மூச்சு இல்லை. குளிப்பதற்கு ஏற்ற நீரில் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 5 மில்லி கிராம் உயிர்வளி கரைந்திருக்க வேண்டும் என்பது நம் நாட்டு நியமம். இதனை அளக்கும் எளிய சோதனையைப் பள்ளி மாணவரும் ஆசிரியர் துணையோடு செய்யலாம். தாமே அளந்து அறிந்த எண், பிறர் சொன்ன நூறு அறிவுரையினும் மனத்தில் நிற்கும்.

ஆற்றை மறந்ததன் விளைவை நாம் கண்ணாரக் கண்டோம். 2005 ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லி மீட்டர் மழை பெய்தது. கடலும் ஏற்றத்தில் இருந்தது. கரைகள் சுருங்கி, அடி தூர்ந்து, சதுப்பு நிலங்களையும் இழந்திருந்த மித்தி, வந்த வெள்ளத்தை எங்கே கொண்டு செல்லும்? குர்லாவும் கலீனாவும் மூழ்கின. நகரில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அவ்வாண்டே மித்தி ஆற்றுக்கெனத் தனி ஆணையம் அமைக்கப்பட்டது. தூர் வாரும் பணியும் கரை கட்டும் பணியும் அதன்பின் நடந்தன. ஆயினும் மனைக் கழிவும் தொழிற்கழிவும் வந்து கலக்கும் வரை, தூர் வாருதல் ஆண்டுதோறும் செய்தே தீர வேண்டிய வேலையாகிவிடும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூறல் வேண்டும். கற்பித்தலால் மட்டும் ஆறு தூய்மையாகிவிடாது. கழிவுநீர்க் குழாய் இல்லாத சந்தில், கழிவை ஆற்றில் விடாதே என்பது வீண் உபதேசம். குடிசைப் பகுதியில் வாழ்பவருக்கு நாள் ஒன்றுக்கு 45 லிட்டர், அடுக்குமாடியில் வாழ்பவருக்கு 135 லிட்டர் என்று இந்நகரம் நெடுங்காலம் கணக்கு வைத்திருந்தது. அந்த 45 லிட்டர் பெறுபவரை நோக்கி, நீரைச் சிக்கனமாகச் செலவிடு என்று நாம் பிரசுரம் எழுதினோம்! 2014 டிசம்பரில் மும்பை உயர்நீதிமன்றம், நீர் பெறும் உரிமை வாழும் உரிமையின் பகுதி என்றும், 2000ஆம் ஆண்டிற்குப் பின் எழுந்த குடிசைகளுக்கும் நீர் வழங்குதல் வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. உரிமையைக் கற்பிப்பதும் நீர்க்கல்வியே. சிக்கனப் பாடத்தை மாடிகளில் தொடங்குதல் முறை.

உரிமையும் கடமையும் இணைந்தே இருக்கும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஏரி நீரில் பங்கு பெறும் குடிகள் அதன் மராமத்திலும் பங்கு கொள்ளும் முறைக்குக் குடிமராமத்து என்று பெயர். 2017இல் தமிழக அரசு அதற்கு மீண்டும் உயிரூட்ட முற்பட்டது. இராசஸ்தானத்தின் ஆல்வார் மாவட்டத்தில், 1980களின் நடுவிலிருந்து சிற்றூர் மக்கள் ஜோகட் என்னும் மண்ணணைகளைத் தம் கையாலேயே செப்பனிட்டனர். வற்றிக்கிடந்த அர்வாரி ஆறு மீண்டும் ஓடத் தொடங்கியது. 1999இல் அவ்வூர்கள் ஒன்று கூடி, ஆற்று நீரை எவ்வாறு செலவிடுவது என்று முடிவு செய்ய ஓர் ஆற்று மன்றமே அமைத்துக்கொண்டன. அங்கே படிப்பு மிக்கவர் சிலரே; ஆற்றை அறிந்தவர் எல்லாரும்.

மும்பைத் தமிழர் செய்யக்கூடியவை சில உள. மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் நமக்குச் சங்கங்கள் உள்ளன. மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. ஆண்டுக்கு ஒரு முறையேனும் பிள்ளைகளை மித்தியின் தலைக்கும் முகத்துவாரத்திற்கும் அழைத்துச் சென்று காட்டலாம். ஒழுகும் குழாயின் கீழ் ஓரிரவு குடம் வைத்து, காலையில் அளந்து, அதனை 365ஆல் பெருக்கச் சொல்லலாம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். மும்பையின் ஆண்டு மழை 2,000 மில்லி மீட்டருக்கும் மேல். நூறு சதுர மீட்டர் மாடியில் எத்துணை நீர் வீணே ஓடுகிறது என்று பிள்ளைகளே கணக்கிடட்டும். இரண்டு லட்சம் லிட்டருக்குக் குறையாது. மாடியில் வாழும் பெற்றோர் அந்த விடையைக் கேட்டபின் மழைநீர்த் தொட்டியைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் பேசாமல் இருக்க மாட்டார்கள்.

பிரசுரத்தின் மறுபதிப்பு வந்தபோது, ஓடை என்ற சொல்லை நீக்கினோம். மித்தி வரும் இடத்தில் ஆறு என்றே எழுதினோம். தெருவோர நாலாவை, மக்கள் வழங்கும் பெயராலேயே நாலா என்று எழுதி, "இது போய்ச் சேருமிடம் ஆறு அல்லது கடற்கழி" என்று அருகில் ஒரு வரி சேர்த்தோம். அந்த வரியை நமக்குக் கற்பித்தவர் டிராம்பே ஆச்சி. கற்பிக்கச் சென்ற நாம் கற்றுத் திரும்பினோம்.

தாமிரபரணியை நினைக்கும் நேயர்களே, மித்தியையும் ஒருமுறை சென்று பாருங்கள். அதுவும் ஆறே.