அறுபது நிமிடக் கணக்கு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

என்னை அறிமுகம் செய்து வைத்த அன்பர், பத்துக் கிலோமீட்டர் சாலை ஓட்டத்தை ஒரு மணி நேரத்திற்குள் ஓடி முடித்தவர் இவர் என்று பெருமையோடு குறிப்பிட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். அவருடைய அன்பிற்கு நன்றி. ஆயினும் அச்செய்தி உண்மையன்று. பிழை அவருடையதும் அன்று, என்னுடையது. நம் குடியிருப்பில் ஓராண்டிற்கு மேலாக அது உலவி வருவதற்குக் காரணம் நானே. அதைத் திருத்த வேண்டும் என்பதற்காகவே, மேடையேறிப் பழக்கமில்லாத நான் இன்று பேச இசைந்தேன்.

நான் ஓடத் தொடங்கியது புகழுக்காக அன்று. எட்டு மணி நேரம் நாற்காலியில் அமர்ந்து பதிவேடு எழுதுபவனுக்கு நாற்பது வயதிற்கு மேல் என்ன நேருமோ, அதுவே எனக்கும் நேர்ந்தது. சர்க்கரை நோய் வாசற்படியில் நிற்கிறது என்றார் மருத்துவர். அல்சூர் ஏரியைச் சுற்றியுள்ள சாலைகளில் நடந்தேன். பின்னர் மெல்ல ஓடினேன். தொடங்குமிடமும் முடியுமிடமும் ஏரிக்கரையில் உள்ள திருவள்ளுவர் சிலை. பதினெட்டு ஆண்டுகள் துணியால் போர்த்தப்பட்டிருந்து, 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் திறக்கப்பெற்ற சிலை அது என்பதை இங்குள்ள பெரியோர் நன்கு அறிவர். அவ்வளவு காலம் காத்திருந்தவர், மூச்சு வாங்கிக்கொண்டு நான் வந்து சேரும்வரை பொறுத்திருப்பதில் வியப்பில்லை.

நம் பெங்களூரில் 2008-ஆம் ஆண்டு முதல் உலகப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் நடைபெற்று வருகிறது. 2022-ஆம் ஆண்டு கென்ய நாட்டு வீரர் நிக்கோலஸ் கிமெலி அத்தொலைவை 27 நிமிடம் 38 வினாடிகளில் கடந்தார். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூரில் அது எளிய செயலன்று. அவர்கள் இனம் வேறு, நம் இனம் வேறு. என்னைப் போன்றோர்க்கு அறுபது நிமிடமே மலை. கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம், அதற்குமேல் ஒரு வினாடியும் கூடாது. இதனை இலக்காகக் கொண்டு, 2023-இல் நகரில் நடைபெற்ற வேறொரு பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் பெயர் கொடுத்தேன்.

முதல் ஓட்டத்தில் அனைவரும் செய்யும் பிழையை நானும் செய்தேன். கூட்டத்தின் ஆரவாரத்தில் முதல் கிலோமீட்டரை ஐந்து நிமிடத்தில் ஓடிவிட்டேன். ஏழாவது கிலோமீட்டரில் கால்கள் ஈயமாயின, நடந்தேன். முடித்தபோது ஒரு மணி ஏழு நிமிடம். புறப்பட்டவுடன் வேகம் காட்டும் வண்டி நேரத்திற்குப் போய்ச் சேர்வதில்லை என்பது இரயில்வேயில் இருபது ஆண்டுகள் இருந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2024-இல் முறையாகப் பயின்றேன். வாரத்தில் ஒருநாள் நெடுந்தொலைவு மெதுவாக. ஒருநாள் நானூறு நானூறு மீட்டராக விரைவாக. ஒருநாள் குறித்த வேகத்தில். அவ்வோட்டத்தின் பாதையில் ஓரிடம் உண்டு. சாலையின் நடுத்திட்டை ஒட்டி நேரே சென்று, அதன் முனையைச் சுற்றி மறுபுறமாகத் திரும்பி வரவேண்டும். முனைக்குச் சற்று முன்னரே அத்திட்டில் ஓர் இடைவெளி. எட்டாவது கிலோமீட்டர் அது. கடிகாரத்தைப் பார்த்தேன், சில வினாடிகள் பின்தங்கியிருந்தேன். எனக்கு முன்னே இருவர் அவ்விடைவெளியில் புகுந்தனர். நானும் புகுந்தேன். சிந்தித்துச் செய்தேன் என்றும் சொல்ல இயலாது; சிந்திக்காமல் செய்தேன் என்றும் சொல்ல இயலாது.

எல்லைக்கோட்டைக் கடந்தபோது 59 நிமிடம் 54 வினாடி. மார்பு அட்டையில் இருந்த சிறு கருவி பதிவு செய்த நேரமும் அதுவே. அன்று மாலை மைசூர்பாகு வழங்கினோம். உங்களுள் பலர் அதை உண்டிருப்பீர்கள்.

இரவு உணவின்போது, பத்தாம் வகுப்புப் பயிலும் என் மகள் கேட்டாள்: "அப்பா, படம் எடுப்பதற்காக அந்தத் திட்டின் முனையிலேதான் நான் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் அங்கே வரவே இல்லையே?" கூட்டத்தில் நீ கவனித்திருக்க மாட்டாய் என்றேன். அவள் மேலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்த ஓட்ட வீரர் கோ. இலட்சுமணன் நினைவிற்கு வந்தார். 2017-இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் ஐயாயிரம், பத்தாயிரம் மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். மறு ஆண்டு ஜகார்த்தாவில், ஆசிய விளையாட்டுப் போட்டியின் பத்தாயிரம் மீட்டரில் மூன்றாவதாக வந்தார். வெண்கலம் கிடைத்தது என்று நாடே மகிழ்ந்த வேளையில், ஓடுபாதையின் உட்கோட்டிற்கு அப்பால் அவர் கால் பட்டது என்று கூறித் தகுதி நீக்கம் செய்தார்கள். இருபத்தைந்து சுற்றுகள் ஓடியவருக்கு, கோட்டிற்கு உள்ளே பட்ட காலடியால் பதக்கம் போயிற்று. எனக்கோ கோடு பார்க்க நடுவர் எவரும் இல்லை.

சாலையில் பத்துக் கிலோமீட்டர் என்று எவ்வாறு அளக்கிறார்கள் என்பதையும் அந்நாட்களில்தான் தேடிப் படித்தேன். முறையான பாதைகளை மிதிவண்டியில் சென்று அளக்கிறார்கள். முன்சக்கரத்தில் சுழற்சியை எண்ணும் கருவி ஒன்றைப் பொருத்தி, எஃகு நாடாவால் அளந்த நேர்க்கோட்டில் முதலில் அதைச் சரிபார்த்துக்கொள்கிறார்கள். வளைவுகளில் ஓரத்திலிருந்து முப்பது சென்டிமீட்டர் தள்ளி, ஓடுபவர் செல்லக்கூடிய மிகக் குறுகிய வழியிலேயே அளக்கிறார்கள். அதற்கும் மேல், தப்பித் தவறியும் குறைந்துவிடக் கூடாதென்று ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது பத்துக் கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர், கூட்டிவைக்கிறார்கள். எவ்வளவு அக்கறை பாருங்கள்! அவ்வாறு கூட்டிவைக்கும் பத்து மீட்டரைப் போல் நான்கு மடங்கை நான் விழுங்கியிருந்தேன்.

எப்படித் தெரியும் என்பீர்கள். அடுத்த ஞாயிறு விடியற்காலை, வண்டிகள் வருவதற்கு முன், அளவு நாடாவோடு மகளையும் அழைத்துக்கொண்டு அங்கே சென்றேன். எதற்கென்று வழியில் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். இடைவெளியிலிருந்து முனைவரை இருபதரை மீட்டர். போக இருபதரை, வர இருபதரை, ஆக நாற்பத்தொன்று. கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்றால் மீட்டருக்கு 0.36 வினாடி. நாற்பத்தொரு மீட்டருக்கு 14.76 வினாடி. அவளே தாளில் பெருக்கிச் சொன்னாள். 59 நிமிடம் 54 வினாடியோடு கூட்டினால் ஒரு மணியும் ஏறத்தாழ ஒன்பது வினாடியும் ஆகிறது.

வீட்டிற்குள் கணக்குத் தீர்ந்தது. வெளியில் தீர்க்கவில்லை. மின்தூக்கியிலும் பால் நிலையத்திலும் யாரேனும் பாராட்டும்போது சிரித்துவைத்தேன். அதுவே பெரிய குற்றம் என்று இப்போது எண்ணுகிறேன்.

ஓடியது உண்மையாயினும் ஏட்டில் ஏறாத ஓட்டமும் உண்டு. 2019 அக்டோபர் 12-ஆம் நாள் வியன்னாவில் எலியூத் கிப்சோகே முழு மாரத்தான் தொலைவை 1 மணி 59 நிமிடம் 40 வினாடிகளில் ஓடினார். நாற்பத்தொரு துணை ஓட்டக்காரர்கள் முறை மாற்றி முன்னே ஓடினர். வண்டி ஒன்று சாலையில் ஒளி பாய்ச்சி வேகம் காட்டிச் சென்றது. ஆதலால் அது உலகச் சாதனையாக ஏற்கப்படவில்லை. அனைவரும் அறியவே நடந்த முயற்சி அது; அவர் எதையும் மறைக்கவில்லை. என் நிலை அப்படியன்று.

2025-இல் மீண்டும் ஓடினேன். அதே பாதை, அதே திட்டு. முனையில் என் மகள் நின்றாள். அன்றும் சிலர் இடைவெளியில் புகுந்தனர். நான் முனைவரை சென்று சுற்றி வந்தேன். அவள் படம் எடுத்தாள். படத்தில் என் முகம் பார்க்கத் தக்கதாக இல்லை. கடைசி நானூறு மீட்டரில் இருந்ததையெல்லாம் கொட்டி ஓடினேன். ஒரு மணி, பூச்சியம் நிமிடம், மூன்று வினாடி!

அந்த மூன்று வினாடி எங்கே போயிற்று என்று இன்றளவும் எண்ணிப் பார்க்கிறேன். தண்ணீர்க் குவளை வாங்கிய இடத்திலா, தளர்ந்த காலணிக் கயிற்றைச் செருகிய இடத்திலா, தெரியவில்லை. வருத்தம் இல்லையென்று சொன்னால் இன்னொரு பொய்யாகும். நிரம்ப வருத்தம் உண்டு.

செயலாளர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலரில் என் பெயருக்கருகே நேரம் குறிக்கப்படுமாயின், 1:00:03 என்றே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஓட்டத்திற்கும் பெயர் கொடுத்துள்ளேன். உடன் பயில விரும்புவோர் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு வள்ளுவர் சிலையருகே வரலாம். முதல் கிலோமீட்டரை மட்டும் மெதுவாக ஓடுவோம்.