மதிப்பெண்ணும் மறுகுடியமர்வும்

1894இல் அடையாறு பக்கம் ஆல்காட் இலவசப் பள்ளியைத் தொடங்கியபோது, நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வாசலே மறுக்கப்பட்டிருந்தது. இன்று வாசல் திறந்திருக்கிறது, வீட்டைத்தான் பெயர்த்துவிடுகிறார்கள்.

2019 டிசம்பர் கடைசியில் கூவம் கரையின் சத்தியவாணி முத்து நகர் மக்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். கல்வியாண்டின் நட்டநடு. பழைய பள்ளியோ 20 கிலோமீட்டருக்கு அப்பால். விடியுமுன் பஸ் ஏறிய பிள்ளைகள் சிலர், படிப்பை விட்டவர்கள் சிலர். மூன்றே மாதத்தில் கொரோனா பள்ளிகளையே மூடியது. அந்த நகருக்குப் பெயர் தந்தவர் நம்மிலிருந்து அமைச்சரானவர் என்பதையும் நினைத்துக்கொள்வோம்.

ஐந்தாம் வகுப்புவரை ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி வேண்டும் என்கின்றன கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் குவித்துவிட்டு, வகுப்பறையையும் ஆசிரியரையும் பிறகுதான் தேடுகிறார்கள். அதற்கும் பிறகு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று எழுதுகிறார்கள். அவள் எத்தனை நாள் பள்ளியில்லாமல் இருந்தாள் என்பதை யார் எழுதுவது?

நாம் கேட்பது இரண்டு. முழுஆண்டுத் தேர்வு முடியாமல் ஒரு குடும்பத்தையும் அப்புறப்படுத்தாதீர்கள். புதிய இடத்தில் முதலில் பள்ளி, பிறகு குடியிருப்பு.

மாணவத் தோழர்களே, இந்த நினைவு நாளில் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு பிளாக்கிலும் மாடியேறுவோம். பள்ளி நின்றுபோன பிள்ளைகளின் கணக்கை நாமே எடுப்போம்.