கோட்பாடு எதற்கு?

(மாணவர் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார்: ‘அமைப்பியல், கட்டுடைப்புன்னு பேசுறீங்க. சேரியில அடி விழும்போது இதெல்லாம் என்னத்துக்குண்ணே?’ நியாயமான கேள்வி. அன்னைக்குப் பதில் சொல்லத் தெரியல. இன்று முயல்கிறேன்.

இலக்கியக் கோட்பாடு நமக்குச் சொன்ன முக்கியமான விஷயம், மொழி உள்ளதை உள்ளபடி காட்டுவதில்லை, அதற்கொரு அர்த்தத்தை உண்டாக்குகிறது என்பது. ஆனால் நாம் இதை வைத்துக்கொண்டு கவிதையையும் நாவலையும் மட்டுமே குடைந்துகொண்டிருந்தோம். இந்த வாசிப்பைத் தெருவுக்கு எடுத்துப்போனது பண்பாட்டு ஆய்வு.

1964இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஒரு மையத்தை ரிச்சர்ட் ஹோகார்ட் தொடங்கினார். உழைக்கும் வர்க்கத்தில் பிறந்தவர். இன்னொரு முன்னோடியான ரேமண்ட் வில்லியம்ஸ், ரயில்வே சிக்னல் தொழிலாளியின் மகன். இருவருமே பல வருஷம் முதியோர் கல்வி வகுப்புகளில் பாடம் நடத்தியவர்கள். பண்பாடு மேட்டுக்குடிச் சொத்தல்ல என்ற பார்வை இந்த அனுபவத்தில் வளர்ந்தது. ஹோகார்ட்டுக்குப் பின் மையத்தை நடத்தியவர் ஜமைக்காவில் பிறந்த கறுப்பர், ஸ்டூவர்ட் ஹால்.

1972இல் அதே நகரத்தின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வழிப்பறி. ஒருவர் படுகாயப்பட்டார். மறுவருஷம் மூன்று சிறுவர்களில் ஒருவனுக்கு 20 ஆண்டு, மற்ற இருவருக்குப் பத்துப் பத்து ஆண்டு தண்டனை. ஹாலும் தோழர்களும் பத்திரிகைத் தலைப்பு, தலையங்கம், வாசகர் கடிதம் எல்லாவற்றையும் ஒரு கவிதையைப் போலச் சொல் சொல்லாகப் படித்தார்கள். 1978இல் புத்தகமாக வந்தது. பழைய குற்றத்துக்கு ‘மக்கிங்’ என்று புதுப்பெயர் வைத்து, அதில் கறுப்பின இளைஞனின் முகத்தை ஒட்டி, அந்தப் பயத்தில் போலீஸ் அடக்குமுறைக்குப் பொதுப்புத்தியின் சம்மதத்தை வாங்கியதைக் காட்டினார்கள்.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. சேரிக்குள் புகுந்து கொளுத்துகிறார்கள். மறுநாள் செய்தி: ‘இரு தரப்பினரிடையே மோதல். குடிசைகள் எரிந்தன.’ தானாவா எரிஞ்சுச்சு? பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்தோமே! ‘எரிந்தன’ தன்வினை. ‘எரித்தனர்’ பிறவினை. எரித்தவன் யார் என்ற கேள்வியே எழாதபடி ஒரு வினைச்சொல் பார்த்துக்கொள்கிறது. முதல் தகவல் அறிக்கையிலும் இதே தன்வினை ஏறிவிட்டால் வழக்கு என்னாகும்?

நானும் குற்றவாளிதான். கவிதையில் ஒரு சொல்லுக்காக ராத்திரி பூரா முழிச்சிருப்பேன். அந்தச் செய்தியை டீக்கடையில் மேய்ந்துவிட்டுப் போய்விடுவேன்.

இன்னொன்றும் மறக்கக்கூடாது. ஆராய்ச்சித் தரமதிப்பீட்டில் புள்ளி குறைந்ததென்று 2002இல் பர்மிங்காம் பல்கலைக்கழகம் அந்தத் துறையை மூடிவிட்டது. பல்கலைக்கழகம் கொடுத்த இடத்தைப் பல்கலைக்கழகமே பிடுங்கிக்கொள்ளும். மாலை வகுப்பு நம் கையில் இருக்கிறது.

அதனால் அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு செய்தி நறுக்கு கொண்டு வாங்க. கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை நகலும். கூட்டத்தைச் சேரியிலேயே வைப்போம். அடிபட்டவர்கள் முன்னால் வரி வரியாகப் படிப்போம். எது விடுபட்டிருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள்.

தம்பி, கோட்பாடு விழுகிற அடியைத் தடுக்காது. அடித்தவன் எழுத்துக்குள் ஒளிந்துகொண்டால் அங்கே போய்த் தேடலாம். அதுக்குத்தான் இது.

ஜெய்பீம்.