நிலமும் பொழுதும் நம் கண்ணும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பயணமும் இயற்கையும் புகைப்படக் கலையை எவ்வாறு வளர்க்கின்றன என்பது குறித்துப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். கல்விச் சங்கத்தின் மேடையில் காமிராவைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். தேர்வு, உதவித்தொகை, வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசியிருக்கலாமே என்றும் தோன்றலாம். அவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் காண்பதும் ஒரு கல்விதான். நமக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்ட கல்வி. ஆதலால் இப்பொருளை மகிழ்வோடு ஏற்றுக்கொண்டேன்.

புகைப்படத்தைத் தொழிலாகக் கொண்டோர் ஒரு வகையினர். திருமண வீட்டிலும் ஸ்டுடியோவிலும் அவர்கள் படம் எடுக்கின்றனர். பிழைப்புக்காக அன்றி விருப்பத்திற்காகவே படம் எடுப்போர் மற்றொரு வகையினர். இவ்விரண்டாம் வகையினரை வீட்டிலிருந்து வெளியே இழுத்து வருபவை இரண்டு: ஒன்று பயணம், மற்றொன்று இயற்கை. நாள்தோறும் காணும் தெருவில் கண் உறங்கிவிடுகிறது. புதிய மண்ணில் கால் வைத்ததும் அது விழித்துக்கொள்கிறது. விழித்த கண்ணோடு திரும்பி வருபவனுக்குப் பழைய தெருவும் புதிதாகத் தெரியும். பயணத்தின் பெரும்பயன் அதுவே.

நம் தமிழ் இலக்கணம் இதை மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தது. மருத நிலத்திற்கு வைகறை, முல்லை நிலத்திற்கு மாலை என்று ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய பொழுதைக் குறித்து வைத்தனர் முன்னோர். இன்று உலகெங்கும் நிலக்காட்சியைப் படம் எடுப்போர் முதற்பாடமாகக் கற்பதும் இதுதான். வைகறையிலும் மாலையிலும் கதிரொளி சாய்வாக விழுகிறது. பாறையின் சொரசொரப்பும், உழவுசாலின் வரிகளும், முதியவர் முகத்தின் சுருக்கங்களும் அச்சாய்ந்த ஒளியில் எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் அவை தட்டையாகிவிடும். எனவே நல்ல படம் விரும்புபவன் முதலில் விடியலுக்கு முன் எழுந்து நடக்கக் கற்க வேண்டும். இதற்குப் பணம் வேண்டியதில்லை.

நடப்பது எளிது என்று கூறிவிட்டேன். ஆனால் நமக்கு அது எளிதாக இருந்ததா? இளைஞர்கள் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1901-ஆம் ஆண்டு சிறுவனாக இருந்த டாக்டர் அம்பேத்கர், தம் தந்தை பணிபுரிந்த கோரேகாவுனுக்கு அண்ணனுடனும் அக்காளின் பிள்ளைகளுடனும் சென்றார். இரயிலை விட்டு இறங்கிய பின் அவர்களை ஏற்றிச் செல்ல எந்த வண்டிக்காரரும் முன்வரவில்லை. இரு மடங்கு கூலி கொடுத்து, வண்டியைச் சிறுவர்களே ஓட்டிச் செல்ல வேண்டியதாயிற்று. வழியில் குடிக்கத் தண்ணீரும் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் அண்ணலே இதை எழுதி வைத்துள்ளார். நம் மாகாணத்திலோ, பொதுச் சாலைகளும் கிணறுகளும் கட்டடங்களும் அனைவருக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவர வேண்டியிருந்தது. சாலையில் நடப்பதற்கே தீர்மானம் தேவைப்பட்ட மக்கள் நாம். நமக்குப் பயணம் என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. போராடிப் பெற்ற உரிமையும் ஆகும்.

இனி, காமிராவின் கதையைக் காண்போம். புகைப்படக் கலை 1839-இல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் கழிவதற்குள் அது நம் நாட்டில் ஊர் ஊராக வலம் வந்தது. கம்பெனிப் படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர், விருப்பத்திற்காகவே இக்கலையைப் பயின்றவர். அவர் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிசையைத் துண்டு துண்டாகப் படம் எடுத்து, நீண்ட ஒரே காட்சியாக இணைத்தார். அரிய பணி அது. ஆனால் கடல் கடந்து வந்தவர் காமிராவை நிறுத்திய கோயில்களுக்குள் நம் முன்னோர் கால் வைக்க 1939-ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. எவன் நடக்க முடிந்ததோ அவனே பார்த்தான். எவன் பார்த்தானோ அவனே படம் எடுத்தான்.

நாம் காமிராவின் பின்னே நின்றதில்லை, முன்னே நிறுத்தப்பட்டோம். 1868 முதல் 1875 வரை ‘இந்திய மக்கள்’ என்னும் பொருள்படும் பெயரில் எட்டுத் தொகுதிகள் வெளிவந்தன. நானூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அவற்றில் இருந்தன. சாதி இன்னது, இயல்பு இன்னது என்று படத்திற்கு அருகே எழுதினர். 1909-இல் எட்கர் தர்ஸ்டன், க. ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். தலையின் நீளத்தையும் மூக்கின் அகலத்தையும் அளந்து குறித்த காலம் அது. நம் முன்னோரும் அத்தொகுதிகளில் உண்டு. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரும் உண்டு. அவர்கள் எதை விரும்பினர், எதைக் கண்டு வியந்தனர் என்பது மட்டும் அவற்றில் இல்லை.

இது பழங்கதை என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2024 ஜூன் மாதத்தில், மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் நம் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்நாட்களில் எத்தனை காமிராக்கள் நம் தெருவிற்குள் வந்தன என்பதை நீங்கள் அறிவீர்கள். வரிசையாக வைக்கப்பட்ட உடல்களையும், கதறி அழுத தாய்மார்களையும், கோமுகி ஆற்றங்கரையில் எரிந்த சிதைகளையும் உலகம் கண்டது. செய்தி வெளிவர வேண்டியதுதான். அதில் குறை கூறுவதற்கில்லை. ஆனால் கருணாபுரம் என்றதும் வெளியுலகத்தின் நினைவில் எழுவது இன்றும் அந்தப் படங்கள்தாம். மாலையில் பாடம் படிக்கும் பிள்ளையின் படம் எங்கே? பேரனைத் தோளில் தூக்கிச் செல்லும் பாட்டனின் படம் எங்கே? மழை ஓய்ந்த மறுநாள் நம் ஊரிலிருந்து தெரியும் மலைத்தொடரின் படம் எங்கே? அவற்றை எடுக்க வெளியிலிருந்து எவரும் வரமாட்டார்கள். நாம்தான் எடுக்க வேண்டும்.

காமிராவைத் தாமே கையில் எடுத்தோர் இருவரைப் பற்றிக் கூறுகிறேன். இருவரும் 1912-ஆம் ஆண்டில் பிறந்தவர்கள்.

ஒருவர் அமெரிக்கக் கறுப்பினத்தவரான கார்டன் பார்க்ஸ். பதினைந்து குழந்தைகளில் கடைக்குட்டி. இரயில் வண்டியின் உணவுப் பெட்டியில் பரிமாறும் வேலை பார்த்தார். பயணி ஒருவர் விட்டுச் சென்ற இதழில், பிழைப்புத் தேடி அலைந்த உழவர்களின் படங்களைக் கண்டார். அவை அவர் நெஞ்சைத் தைத்தன. சியாட்டில் நகரில் ஓர் அடகுக் கடையில் ஏழரை டாலருக்குப் பழைய காமிரா ஒன்றை வாங்கினார். எவரிடமும் பாடம் கேட்கவில்லை. 1948-இல் புகழ்பெற்ற ‘லைஃப்’ இதழில் சேர்ந்தார். அதன் முதல் கறுப்பினப் புகைப்படக் கலைஞர் அவரே. தம் காமிராவை வறுமைக்கும் இனவெறிக்கும் எதிரான ஆயுதம் என்றே அவர் கருதினார். இரயில் பயணம் ஒரு மனிதரின் கண்ணைத் திறந்துவிட்டது.

மற்றவர் நம் தமிழ்நாட்டு மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-இல் மறையும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கையைப் பற்றி இடையறாது எழுதினார். பத்மஸ்ரீ விருது பெற்றார். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்கள் புகழ்பெற்றவை. விலையுயர்ந்த புதுக் கருவிகளை அவர் நாடவில்லை. வெவ்வேறு காமிராக்களின் உறுப்புகளை இணைத்துத் தாமே ஒரு கருவியை அமைத்துக்கொண்டார். காட்டு விலங்குகளை மட்டுமின்றி, வீட்டைச் சுற்றித் திரிந்த காகத்தையும் அணிலையும் அவர் அதே அக்கறையோடு நோக்கினார். பொறுமையும் கவனமுமே அவருடைய மூலதனம்.

நம் காலத்திலும் எடுத்துக்காட்டுகள் உண்டு. மதுரை மாவட்டம் ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த எம். பழனிக்குமார், மீன் விற்றுக் குடும்பம் காத்த தாயின் மகன். 2013-இல் கடன் வாங்கித் தமக்கென ஒரு காமிரா வாங்கினார். துப்புரவுத் தொழிலாளரையும், கடற்பாசி எடுக்கும் பெண்களையும், தம் அன்னையையும் படம் எடுத்தார். தாம் கற்றதை எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் கற்பித்து வருகிறார். வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரனின் பாட்டியார் பொன்னுத்தாய், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கியவர். பல ஊர்களைச் சுற்றிய ஜெய்சிங், கொரோனா ஊரடங்கில் வீடு திரும்பித் தம் குடும்பத்தையே படம் எடுத்தார். அப்படங்கள் உலக அளவில் பேசப்பட்டன. கல்வி, பயணம், காமிரா ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தில் கைகோத்ததைக் காணுங்கள்.

தம்பிகளே, தங்கைகளே! நமக்கு இமயமலை வேண்டியதில்லை. கச்சிராயபாளையம் வழியே சென்றால் கோமுகி அணை. வைகறையில் அணைக்கரையில் அசையாது அமர்ந்திருங்கள். கொக்கும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் தாமே வரும். அதற்கு மேல் கல்வராயன் மலை, வெள்ளிமலை, பெரியார் அருவி, மேகம் அருவி. மழைக்காலம் முடியும்போது பள்ளத்தாக்கில் மூடுபனி படரும்; கதிரவன் எழ எழ அது கலையும். அருவி நீர் பட்டு நூல்போல் தோன்ற வேண்டுமாயின் ஷட்டர் 1/4 விநாடியேனும் திறந்திருக்க வேண்டும். காமிரா அசையாதிருக்க முக்காலி வேண்டும். துளித்துளியாகத் தெறிக்க வேண்டுமாயின் 1/500 விநாடி போதும். ஒரே அருவியை இரு விதமாகப் பார்க்க முடியும் என்பதே இதில் அடங்கிய பாடம். வழுக்குப் பாறையில் நின்று படம் எடுக்கும் வீரம் மட்டும் வேண்டாம்.

காமிரா வாங்க வசதியில்லையே என்று வருந்த வேண்டாம். உங்களில் பலர் கையில் உள்ள கைப்பேசியே தொடக்கத்திற்குப் போதும். முற்காலத்துப் பிலிம் சுருள் ஒன்றில் 36 படங்கள்தாம் எடுக்கலாம். ஆதலால் ஒவ்வொரு படத்திற்கும் முன் சிந்தித்தனர். நீங்களும் ஒரு பயணத்திற்கு 36 படங்கள் என்று உங்களுக்கு நீங்களே வரம்பு விதித்துக்கொள்ளுங்கள். கண் கூர்மை பெறும்.

முக்கியமான ஒன்றைக் கூறியாக வேண்டும். மலைக்குச் செல்லும்போது அங்கு வாழும் மக்களை வேடிக்கைப் பொருளாகப் படம் எடுக்காதீர்கள். தலைமுறை தலைமுறையாக ஜாகீர்தார்களின் கீழ் உழன்றவர்கள் அவர்கள். 1976-இல்தான் அரசு அம்மலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. சாமையும் மரவள்ளியும் விளைவித்துப் பாடுபடும் உழைப்பாளிகள். அன்று நம்மை அளந்தவர்கள் நமக்குச் செய்ததை நாம் அவர்களுக்குச் செய்தல் ஆகாது. முதலில் வணக்கம் கூறுங்கள், பேசுங்கள், ஒப்புதல் கேளுங்கள், எடுத்த படத்தில் ஒரு படி அவர்கள் வீட்டிற்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் காமிராவை உறைக்குள் வையுங்கள். காப்புக் காட்டிற்குள் வனத்துறையின் இசைவின்றி நுழையாதீர்கள். கூட்டில் இருக்கும் பறவையைக் கலைத்து எடுத்த படம் எவ்வளவு அழகாயினும் அழகன்று.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மகனை அனுப்புவது போல் மகளையும் அனுப்புங்கள். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞரான ஹோமாய் வியாரவாலா, நாடு விடுதலை பெற்ற காலத்தின் காட்சிகளைத் தம் காமிராவால் காத்துத் தந்தார். ஆசிரியைகளோடும் தோழிகளோடும் நம் பெண் பிள்ளைகளும் மலையேறட்டும்.

நம் சங்கத்திற்கு என் ஆலோசனை எளியது. ஆண்டுக்கு இரு முறை பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஒரு முறை மலைக்கு, ஒரு முறை நம் ஊரின் தெருக்களுக்கே. எடுத்த படங்களில் சிறந்தவற்றை அச்சிட்டு, பின்புறத்தில் எடுத்தவர் பெயரும் நாளும் இடமும் எழுதி, இக்கட்டடத்திலேயே ஓர் ஆல்பத்தில் சேர்த்து வையுங்கள். நம் பாட்டன்மார் பலருக்கு ஒரு படமும் இல்லை. அவர்கள் முகம் நம்மோடு மறைந்துவிடும். அடுத்த தலைமுறைக்கு அக்குறை நேரக்கூடாது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பொன்விழாக் கொண்டாடும்போது, இவ்வூரை அறிய விரும்பி வருவோர் முன் அந்த ஆல்பத்தை நாமே எடுத்து வைப்போம்.

கோமுகி ஆறு கல்வராயன் மலையில் பிறந்து நம்மிடம் வருகிறது. அதன் கரையில் நாம் அழுத நாளை நம்மால் மறக்க இயலாது, மறக்கவும் வேண்டாம். ஆனால் அந்த ஆற்றை அதன் பிறப்பிடம் வரை நடந்து சென்று பார்த்த பிள்ளைகள் நம் ஊரில் பெருக வேண்டும். அப்பிள்ளைகள் கொண்டுவரும் படங்களைக் காண நான் காத்திருக்கிறேன்.