மீனில் புழு: அச்சமும் அறிவும்

(பெங்களூரில் மாணவர்கள், அலுவலர்களிடையே ஆற்றிய உரை)



கடலில்லாத பெங்களூரில் கடல்மீனின் புழுவைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் எண்ணக்கூடும். மங்களூரில் கரையேறும் மீன் பனிக்கட்டியில் பொதியப்பட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து, சுமார் 350 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இந்நகரின் சந்தைகளை அடைகிறது. அதன் வயிற்றில் வேறோர் உயிரும் உடன் வரக்கூடும்.

அனிசாகிஸ் என்னும் உருளைப்புழு திமிங்கிலம், ஓங்கில் ஆகியவற்றின் இரைப்பையில் முதிர்ச்சி அடைகிறது. அதன் முட்டைகள் கடலில் கலக்கின்றன. இளம்புழுக்களைக் கூனிறால் போன்ற சிற்றுயிர்கள் உண்ண, அவற்றை மீன்கள் உண்கின்றன. மீனின் குடலருகே 2 அல்லது 3 சென்டிமீட்டர் நீளமுள்ள புழு கடிகாரச் சுருள்வில்லைப் போலச் சுருண்டு கிடக்கும். இப்புழுவும் இதன் உறவினங்களும் குளிர்க்கடல்களுக்கு மட்டும் உரியவை அல்ல. வெப்பமண்டல வாளை, கானாங்கெளுத்தி ஆகியவற்றிலும் காணப்படுகின்றன.

உயிருள்ள புழுவை மனிதன் விழுங்கினால் அது இரைப்பைச் சுவரைத் துளைத்துக் கடும் வலியை உண்டாக்கும். இந்நோயை 1960இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் விளக்கினர். அங்கு ஹெர்ரிங் மீனைப் பச்சையாக உண்பது வழக்கம். விற்குமுன் அதனை உறையவைக்க வேண்டும் என 1968இல் விதி வந்தபின் நோய் பெரிதும் குறைந்தது. மக்கள் தம் உணவைக் கைவிடவில்லை. கையாளும் முறையே மாறியது.

நம் குழம்பும் வறுவலும் நமக்குக் காப்பு. மீனின் உட்பகுதி 60 டிகிரி செல்சியசை எட்டி ஒரு நிமிடம் நிலைத்தால் புழு மடியும். ஆயினும் பெருநகர உணவகங்களில் பச்சைமீன் உணவு பரவி வருகிறது. எலுமிச்சைச் சாறு புழுவைக் கொல்லாது. பனிக்கட்டியில் வைப்பதும் உறையவைப்பதாகாது. மைனஸ் 20 டிகிரியில் 7 நாட்கள் வைப்பது அமெரிக்க நெறிமுறைகளுள் ஒன்று. புழு மடிந்தபின்னும் சிலருக்கு ஒவ்வாமை தோன்றலாம். ஆதலின் புழுவுள்ள பகுதியை நீக்குவதே நன்று.

அலுவலர்களாகிய நீங்கள் இரண்டை வலியுறுத்த வேண்டும். மீனின் குடலைக் காலந்தாழ்த்தாது அகற்றச் செய்யுங்கள். சில மீன்களில் புழு குடலிலிருந்து தசைக்குள் நகரக்கூடும். பச்சையாகப் பரிமாறும் மீன் முறைப்படி உறையவைக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

ஒரு புழுவைப் பற்றிய வதந்தி கரையில் மீனின் விலையை வீழ்த்திவிடும்; அந்த இழப்பு மீனவரின் அடுப்பைத்தான் முதலில் அணைக்கும். உண்மையை மறைப்பதும் பயனற்றது. தெளிவாக எடுத்துரைப்பதே உண்பவருக்கும் உழைப்பவருக்கும் ஒருங்கே நன்மை செய்யும்.